மேலாக எடுத்த மீன்

ரோவேலினைப் பற்றி ஆலையில் நல்லவிதமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. வராமல் இருந்திருந்தால் அவள் தப்பியிருப்பாளோ என்னவோ.

பிலிப்பைன்ஸின் தெற்கே, ஜென்சான் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சூரை மீன் ஆலை அது. வந்திறங்கும் மீனைச் சோதித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. மீன்வளப் படிப்பை முடித்த கையோடு சேர்ந்தவள். ஆறு மாதச் சோதனைக் காலத்தில் ஐந்து கழிந்திருந்தது. ஆறாவது முடிந்தால் நிரந்தரம், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அவளோடு சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு ஏற்கெனவே கைகுலுக்கியாயிற்று. சொந்த ஊரான கிளானில் அப்பாவின் படகு எஞ்சின் பழுதாகிக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. தம்பி கப்பல் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் உலை கொதித்தது அவள் சம்பளத்தில்தான்.

அதனால் அவள் நல்ல பேர் எடுப்பதென்று முடிவு கட்டிக்கொண்டு வேலை செய்தாள். மணி அடிக்குமுன் வந்து நின்றாள். யாராவது லீவு கேட்டால் அவர்கள் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மீன் இறக்கும் ஆட்களின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்தாள். அவர்களுக்குச் சூடாகப் பன் வாங்கி வந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, லாரிகளைக் காக்கவைக்காமல் அனுப்பினாள். அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் ஒவ்வொரு வண்டியையும் வெயிலில் நிறுத்தி வாட்டி எடுப்பாராம். ரோவேலின் மீனை அறுத்து மூக்கருகே கொண்டுபோவாள், தலையாட்டுவாள், வண்டி உள்ளே போய்விடும்.

உற்பத்திக்குப் பொறுப்பான க்ளெமென்டே சார் ஒருநாள் காலைக் கூட்டத்தில் எல்லார் எதிரிலும் சொன்னார்: "நமக்கு லேப் எதுக்குய்யா? இந்தப் பொண்ணு மூக்கு ஒண்ணு போதாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு 'மூக்கு' என்றே பேராகிவிட்டது. அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அப்பாவுக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னாள். "உன் மூக்கு எங்கம்மா மூக்குடி" என்று அவரும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் அவள் படித்தவள். சூரை மீனில் மூக்குக்குத் தெரியாத ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியும். மீன் குளிர் தப்பிக் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். அதற்கு வாடை கிடையாது. வேகவைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. அதற்காகத்தான் மீன் வந்திறங்கும் ஒவ்வொரு தொட்டியிலும் மேலே, நடுவே, அடியே என்று மீன் எடுத்துச் சதையை லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். மேலே இருப்பதை எடுப்பது சுலபம். அடியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் ஐஸ் தண்ணீரை வடித்துத் தொட்டியைப் பாதி காலிசெய்து, தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும்.

அன்று காலை பச்சை வண்ணப் படகொன்று தாமதமாக வந்து சேர்ந்தது. மீன் இறக்கிய படகுக்காரன் ஒருவன் தோளைத் துடைத்தபடி சொன்னான்: "வழியில குளிர் மெஷின் படுத்திருச்சு மேடம். எங்களுக்கும் மீனுக்கும் சேர்ந்தே வேர்த்துச்சு. அப்புறம் சரி பண்ணிட்டோம்."

அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே மனதில் ஒரு மூலையில் சுருக்கென்றது. அதற்குள் க்ளெமென்டே சார் வந்துவிட்டார்.

"ரோவேலின், தங்கமே! உள்ள மேசையெல்லாம் காலியா கிடக்கு. அறுநூறு பொம்பளைங்க கத்தியைக் கையில வச்சுக்கிட்டு என்னை வெட்டற மாதிரி பாக்கறாங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இதோ சார், ஆச்சு."

"அதானே! உன்னை மாதிரி நாலு பேரு இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அவர் திரும்பிப் போன பிறகு அவள் தொட்டிகளுக்கு முன்னால் நின்றாள். தண்ணீரை வடிக்கச் சொன்னால் ஆட்கள் முணுமுணுப்பார்கள். உள்ளே பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் போர்த்தி மேலாகக் கிடந்த மீன்கள் பளபளவென்று இருந்தன. மாதிரிக்கு வேண்டிய அத்தனையையும் அங்கிருந்தே எடுத்தாள். அறுத்து முகர்ந்தாள், கடல் வாசம்தான் வந்தது. சதையை லேபுக்கு அனுப்பிவிட்டு மீனை உள்ளே விட்டாள். மத்தியானம் லேபிலிருந்து 'சுத்தம்' என்று வந்தது. மனதில் சுருக்கென்றதை அவள் அத்தோடு மறந்தும் போனாள்.

வெந்த சூரையில் வெள்ளைச் சதையைப் பிரித்து உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஓரத்துக் கருஞ்சதையை ஆலைப் பெண்களுக்கே மலிவாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ரோவேலின் தங்கியிருந்த வீட்டில் பக்கத்து அறைக்காரி பூரிங் அக்கா. மேசையில் முள் நீக்கும் வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, மூச்சிரைப்பு உண்டு. மறுநாள் மத்தியானம் வேலை விட்டு வந்து பூரிங் அக்கா கருஞ்சதையைக் காடியும் மிளகாயும் போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிட்டாள்.

ரோவேலின் குளித்துவிட்டு வந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்து ஒரு துணியை ஈரமாக்கி நெஞ்சில் ஒற்றிக்கொண்டிருந்தாள். முகமும் கழுத்தும் செம்பருத்தியாகச் சிவந்திருந்தன.

"என்னக்கா ஆச்சு?"

"தெரியலடி. வாயெல்லாம் மிளகைக் கடிச்ச மாதிரி எரியுது. தலை வெடிக்குது. இந்த வயசுல எனக்கு வெக்கம் வந்து முகம் செவக்குதுன்னா நினைக்கிற?"

சொல்லிச் சிரிக்கப் போனவளுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சு உள்ளே போகவில்லை. கண் இரண்டும் பிதுங்கின. ரோவேலின் தெருவுக்கு ஓடி ஒரு டிரைசைக்கிளை நிறுத்தி, அக்காவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். ஊசி போட்டு, முகத்தில் மூடி வைத்துக் காற்றுக் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது.

"என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"சூரைதான். பொறந்ததுல இருந்து தின்னுக்கிட்டிருக்கேன் டாக்டர். எனக்குப் புருஷன் ஒத்துக்கல, சூரை ஒத்துக்கும்." பிறகு ரோவேலின் பக்கம் திரும்பி முனகினாள்: "முந்தாநா வாங்கினதில்லடி. நேத்து வெட்டினோமே, அந்தப் பச்சைப் படகு மீனு. நல்ல மீன்தானே அது?"

அந்தத் தொட்டிகளில் தான் மேலாக மட்டும் எடுத்தது ரோவேலினுக்கு நினைவுக்கு வந்தது.

ஒரு துணுக்குக் கருஞ்சதைக்கு இந்தப் பாடு. அந்த மீனின் வெள்ளைச் சதை முழுவதும் பையிட்டு உறைந்து ஆலைக் குளிர் அறையில் அடுக்கி இருந்தது. மறுநாள் காலை கன்டெய்னரில் ஏறிவிடும். எந்த ஊரிலோ, எந்தக் குழந்தையின் தட்டிலோ போய் விழும். லேப் காகிதம் சுத்தம் என்று சொன்னது. மாதிரியை எங்கிருந்து எடுத்தாள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் உலகம் உள்ளளவும் யாருக்கும் தெரியாது. 

காலையில் முதல் ஆளாக லேபுக்குப் போனாள். லேபில் இருந்த ஜீனலின் அவளுக்குத் தோழி.

"பச்சைப் படகு மீனை இன்னொரு தடவை பாக்க முடியுமா?"

"ஏன்? ரிசல்ட்தான் கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கே."

"சும்மா ஒரு சந்தேகம்."

"உன் சந்தேகத்துக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொட்டினா என் சம்பளத்துல பிடிப்பாங்கடி. நெனிதா மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, செஞ்சு தர்றேன்."

நெனிதா மேடம் தரச் சோதனைப் பிரிவின் தலைவி. ரோவேலின் கதவைத் தட்டி உள்ளே போனதுமே அவர் முகம் மலர்ந்தது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். உக்காரு. நிரந்தரத்துக்கு உன் பேரை எழுதி மேல அனுப்பிட்டேன். க்ளெமென்டே வாயால ஒருத்தரைப் பத்தி நல்ல வார்த்தை வர்றது இதான் முதல் தடவை. சந்தோஷம்தானே?"

 ஐந்து மாதமாக ரோவேலின் எந்தச் சொல்லுக்காகத் தவம் கிடந்தாளோ, அது அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

"மேடம்... பூரிங் அக்காவுக்கு நேத்து உடம்புக்கு முடியாம போச்சு. கருஞ்சதை சாப்பிட்டதும் முகமெல்லாம் செவந்து..."

"அய்யோ பாவம். அவங்களுக்குத்தான் ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டே. மீன் நீ சோதிச்சதாச்சே, லேப்பும் சுத்தம்னு சொல்லிடுச்சு. வேற எதையாவது தின்னிருப்பாங்க." மேடம் கொஞ்சம் நிறுத்தி அவளைப் பார்த்தார். "வேற ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்ல மேடம், தேங்க்ஸ்" என்றுதான் வந்தது.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. முற்றத்தில் கன்டெய்னர் கதவை இழுத்துச் சாத்தும் ஓசை கேட்டது. ஓடினாள்.

டிரைவர் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார். பருத்த ஆள், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கண்ணே. கொஞ்ச நேரம்."

"எதுக்கும்மா?"

அவளிடம் காரணம் இல்லை. "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றாள்.

அவர் தலையை வெளியே நீட்டி டயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மீன் பாக்கற புள்ள டயர் பாக்க ஆரம்பிச்சிட்டியா? நகரும்மா. கப்பல் எனக்காகக் காத்திருக்காது."

வண்டி நகர்ந்தது. யோசிக்கவேயில்லை, அவள் போய் அதற்கு முன்னால் நின்றாள். ஹாரன் அலறியது. சுற்றி இருந்த ஆட்கள் திரும்பினார்கள். "ஏய், மூக்கு! சாக ஆசையா?" என்று ஒருவன் கத்தினான். அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். 

க்ளெமென்டே சார் வேகமாக வந்து அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"என்ன கூத்து இது?"

"சார், அந்த மீன் சரியில்ல. நான் மாதிரியைத் தப்பா எடுத்தேன். எல்லாத்தையும் மேலாகவே எடுத்துட்டேன். அடியில ஒண்ணுகூட பாக்கல."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்கு இது தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப நல்லதாப் போச்சு. கேளு, குழந்தை. வாங்கறவன் அங்க ஒரு தடவை சோதிப்பான். மோசமா இருந்தா அவன் தூக்கிப் போடுவான். உன் நிரந்தரக் காகிதம் மேல போயிருக்கு. போய் முகத்தைக் கழுவிட்டு வேலையைப் பாரு."

ஒரு கணம் அது அவளுக்கு வழியாகவே தெரிந்தது. அங்கே ஒருத்தன் சோதிப்பானாமே. அவனும் அவளைப் போலவே ஒருத்தன்தானே, அவனையும் யாராவது தங்கமே என்று கூப்பிட்டால்? அவன் மேலாக எடுத்தால்?

"முடியாது சார்." குரல் அவளையறியாமல் ஓங்கிவிட்டது. "வண்டி போகக் கூடாது. அந்த மீன் தின்னு பூரிங் அக்கா சாகக் கிடந்தாங்க. நான் சோதிக்காம உள்ள விட்டேன்!"

முற்றத்தில் எல்லாருக்கும் கேட்டது. க்ளெமென்டே சார் ஓரடி பின்வாங்கினார். அவரும் இப்போது எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"மேலாக எடுன்னு நான் சொன்னேனா?"

"இல்ல சார்."

"சத்தமா சொல்லு. நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லல. நானாத்தான் எடுத்தேன்."

அது உண்மை என்பதுதான் அவளை அறுத்தது. யாரையும் கைகாட்ட அவளுக்கு வழியில்லை.

நெனிதா மேடம் வந்தார். கன்டெய்னரைத் திறக்கச் சொன்னார். அடியிலிருந்தும் மூலையிலிருந்தும் பைகளை இழுத்து எடுத்து லேபுக்கு அனுப்பினார்.  ரோவேலின் லேப் வாசலில் தரையில் உட்கார்ந்தாள். ஜெபிக்கலாம் என்று சிலுவை போட்டுக்கொண்டாள். எதை வேண்டுவது என்றே தெரியவில்லை. மீன் நன்றாக இருந்தால் அவள் பைத்தியக்காரி, கெட்டிருந்தால் குற்றவாளி. கடைசியில் எதையும் கேட்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

ஜீனலின் கதவைத் திறந்து அவளைப் பார்த்த பார்வையிலேயே விடை இருந்தது. சில பைகள் சுத்தம். மற்றவற்றில் நஞ்சு அளவுக்கு மேல் பல மடங்கு ஏறியிருந்தது.

அத்தனை மீனும் உரக் குழிக்குப் போயிற்று. ஆலையைக் கழுவி விசாரணை நடத்தி முடிக்கும்வரை மேசை வேலைகள் நின்றுபோயின. தினக்கூலிப் பெண்கள் வேலையின்றி வீட்டில் உட்கார்ந்தார்கள்.

நெனிதா மேடம் அவளை அழைத்தார். "என் அறைக்கு வந்தியே, அப்ப ஏன் சொல்லல?"

"நிரந்தரத்துக்குப் பேரை அனுப்பிட்டேன்னு சொன்னீங்க மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திருப்பி வாங்கிட்டேன்."

ரோவேலின் மேசையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்காகப் பிடித்தோம் என்று பின்னாளில் நினைத்தால் அவளுக்கே கூசும். "மேடம், வேற எந்த வேலைனாலும் பரவாயில்ல. தரையைக் கழுவறேன். தம்பி படிப்பு நின்னு போயிடும் மேடம். மாதிரி எடுக்கறதை இனிமே..."

"வண்டியை நிறுத்தினியே, அதுக்காகப் பாராட்டணும்னுதான் தோணுது." என்றார் மேடம். "ஆனா அந்த ரிசல்ட்டுக்கு அடியில என் பேரும் இருக்கு. மேலிடத்துல இன்னிக்கு என்னை நிக்கவச்சுக் கேட்டாங்க, இவளைத்தான் நீ சிபாரிசு பண்ணினியான்னு. நான் என்ன சொல்லட்டும்? கையை விடும்மா."

சோதனைக் காலத்தில் மீதி இருந்த நாட்களுக்கு அவள் வேலைக்கு வர வேண்டியிருந்தது. அது எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. அவள் பார்த்த ஒவ்வொரு தொட்டியையும் இன்னொருவர் மறுபடி பார்த்தார். அவளும் விடவில்லை. தண்ணீரை வடித்து, தோள்வரை கைவிட்டு, விரல் விறைத்து நீலம் பாரிக்கும்வரை அடியில் துழாவினாள். மீன் இறக்குபவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் வாங்கி வந்த பன்னை யாரும் தொடவில்லை. கூலி இழந்த பெண்கள் அவளைக் கண்டால் மேசையிலிருந்தே குரல் கொடுப்பார்கள். அவர்களில் டெல்ஃபா என்பவளுக்கு வாய் நீளம்.

"மூக்கு வருதுடி, எல்லாரும் மூக்கைப் பொத்துங்க! நல்லவ வர்றா, வழி விடுங்க. அவ நல்லவளாகறதுக்கு நம்ம சோத்துல மண்ணு."

ரோவேலின் தலையைக் குனிந்தபடி கடந்து போவாள். டெல்ஃபாவுக்குக் கைக்குழந்தையோடு மூன்று பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியும். பூரிங் அக்கா மட்டும் மாலையில் வந்து பக்கத்தில் உட்காருவாள். "நீ வண்டியை நிறுத்தினதுக்குக் கும்பிடுறேன். மீனை உள்ள விட்டதுக்கு ரெண்டு அறை குடுக்கணும். எதை முதல்ல செய்யறதுன்னு தெரியல, அதான் சும்மா உக்காந்திருக்கேன்" என்பாள். அப்பா ஃபோனில் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லபடியா போகுதுப்பா" என்றாள் ரோவேலின்.

கடைசி நாள் வேலை முடிந்ததும் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கையில் ரப்பர் பூட்ஸ் போட்ட பை. வெயில் இன்னும் இறங்கவில்லை. அடுத்த வாரம் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. வேறு ஆலைகளில் கேட்டுப் பார்த்தாள். கதை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எந்தக் கதை, மீனை விட்ட கதையா, வண்டியை மறித்த கதையா என்று அவளுக்குத் தெரியாது. யாரும் கூப்பிடவில்லை.

பின்னாலிருந்து யாரோ தட்டினார்கள். டெல்ஃபா. கையில் கருஞ்சதைப் பொட்டலம். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், அவர்கள் கையிலும் பொட்டலங்கள்.

டெல்ஃபா அவள் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாரு. புள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"உள்ளதான் பாத்துட்டாங்களே, அக்கா."

"அவங்க பாத்தது அவங்களுக்கு. நீ மோந்து சொல்லு."

ரோவேலின் பொட்டலத்தை வாங்கவில்லை.  "மூக்குல தெரியாதுக்கா. யார் மூக்குலயும் தெரியாது. நான் அப்ப மோந்ததும் பொய்தான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப என்னதான் செய்யறது? திங்கறதா, கொட்டறதா?" என்றாள் டெல்ஃபா.

"எப்ப வெட்டினது?"

"காலைல. ரெட்டைக் கொடிப் படகு."

"அந்தப் படகு மீனை அடிவரைக்கும் நான் பாத்தேன். முள்ளுகிட்டயும் சில்லுன்னு இருந்துச்சு, லேப்லயும் சரின்னு சொல்லிட்டாங்க. குடுக்கலாம்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "வீட்டுக்குப் போனதும் ஆக்கிடுங்க. வெயில்ல வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டு நிக்காதீங்க."

டெல்ஃபா தலையாட்டினாள்.  பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து, "சரியாம், வாங்கடி" என்றாள். அவர்கள் சாலையைக் கடந்து ஜீப்பை நோக்கி விரைந்தார்கள். ஏறியதும் உள்ளே இடம் போதாமல் ஒருத்தியை ஒருத்தி இடித்துத் திட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ரோவேலின் பூட்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். ஃபோனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

"என்னம்மா, நிரந்தரம் ஆயிடுச்சா?" என்றார் அவர், எடுத்த எடுப்பில்.

"இல்லப்பா," என்றாள். "கொஞ்சம் உக்காந்துக்கங்க. முதல்ல இருந்து சொல்றேன்."